அகலத்திரையில் குண்டான பையன்

பாரீஸ் லேப்டாப்

அந்த லேப்டாப்பை முதன்முதலில் ஆன் செய்தபோது அது பிரெஞ்சில் பேசியது. எனக்குப் பிரெஞ்சில் 'பொன்ழூர்', 'மெர்சி' இரண்டும்தான் தெரியும். அது இரண்டையுமே சொல்லவில்லை. வேறு என்னென்னவோ கேட்டது. நான் நடுவிலிருந்த பட்டனை அழுத்தினேன். அது இன்னொரு கேள்வி கேட்டது.

இரண்டாயிரத்துகளின் நடுப்பகுதி அது. புதுச்சேரியில் முல்லா வீதிக்குப் பக்கத்தில் நஸீர் பாய் கடையில் டெக்னீஷியனாக இருந்தேன். பெண்கள் பாலிடெக்னிக்கில் டிப்ளமோ முடித்துவிட்டு, உப்பளம் பகுதியில் இருந்த எங்கள் வீட்டிலிருந்து சைக்கிளில் கடைக்குப் போய்வருவேன். நஸீர் பாயின் கடை ஆதியில் சவுண்ட் சர்வீஸ். கல்யாணம், கட்சிக் கூட்டம், கோயில் திருவிழா எதுவானாலும் மைக் செட், சீரியல் லைட், ஜெனரேட்டர் வாடகைக்குப் போகும். பிறகு கம்ப்யூட்டரையும் வாடகைக்கு விட ஆரம்பித்தார். அவர் கண்ணுக்கு அதுவும் ஒருவகை மைக் செட்தான்.

"ஒயர சொருகுனா வேல செய்யணும். செய்யலன்னா ஒன்ன கூப்புடுவேன்" என்று நான் வேலைக்குச் சேர்ந்த அன்றைக்கே சொல்லிவிட்டார். என் வேலை என்ன என்பதை அதைவிடத் தெளிவாக யாரும் எனக்குச் சொன்னதில்லை.

வருஷா வருஷம் ஆடி மாதத்தில் வீராம்பட்டினத்து அம்மன் கோயில் தேருக்கு எங்கள் கடையிலிருந்துதான் மைக் செட் போகும். சுற்றுவட்டாரத்து ஜனம் முழுக்க அங்கே வந்து குவியும். அந்த நெரிசலில் பிள்ளைகள் தொலைவார்கள். பக்கத்திலேயே கடல். ஒரு பிள்ளையைக் காணோம் என்றால் பெற்றவர்களுக்கு முதலில் ஞாபகம் வருவது கடல்தான். தொலைந்த பிள்ளைகளைக் கொண்டுவந்து உட்கார வைக்க விழா கமிட்டி ஒரு பந்தல் போட்டிருக்கும். மைக்கில் "சிவப்புப் பாவாடை கட்டிய பெண் குழந்தை" என்று அறிவிப்பார்கள். சிவப்புப் பாவாடை கட்டிய பெண் குழந்தைகள் அந்தக் கூட்டத்தில் எத்தனை பேர் இருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

அதனால் இந்த லேப்டாப் வருவதற்கு முந்தைய வருஷம் நான் ஒரு யோசனை சொன்னேன். வந்த பிள்ளையை டிஜிட்டல் கேமராவில் போட்டோ எடுத்து, கம்ப்யூட்டரில் ஏற்றி, பந்தல் வாசலில் மாற்றி மாற்றிக் காட்டலாம். கடையின் கம்ப்யூட்டர்களில் வைரஸ் தொல்லை தாங்காமல் நான் விண்டோஸை எடுத்துவிட்டு லினக்ஸ் போட்டிருந்தேன். அதில் ஓடுகிற மாதிரி ஸ்கிரிப்ட் என்கிற சின்ன புரோகிராம் ஒன்றும் எழுதினேன். போட்டோவுக்குக் கீழே தமிழில் நம்பரும் உடை விவரமும் வரும். திட்டம் நன்றாக நடந்தது, பாதி நாள் வரைக்கும். ஜெனரேட்டர் வோல்டேஜ் ஏறி இறங்கியதில் கம்ப்யூட்டரின் பவர் சப்ளை புகைந்துவிட்டது. கமிட்டித் தலைவர் வந்து எட்டிப்பார்த்து, "இதுக்கு மைக்கே பரவால்லியே பாய்" என்று சொல்லிவிட்டுப் போனார். பாய்க்கு அது பெரிய அவமானம்.

அடுத்த ஆடி வருவதற்குள் பாய் பாரீசில் இருக்கும் தன் மச்சானிடம் சொல்லி ஒரு லேப்டாப் வரவழைத்தார். புத்தம் புதுசு. அகலத்திரை. அப்போது ஊரில் பார்த்த லேப்டாப்பெல்லாம் சதுரமாகத்தான் இருக்கும்.

"வாணி, இதுல பேட்டரி கீது. கரண்டு என்னா ஆட்டம் ஆடுனாலும் இது அசையாது" என்றார் பாய்.

"இது பிரெஞ்சு பேசுது பாய்."

"ஒன் லினக்ஸ போடு. தமிழ் பேசட்டும்."

கறுப்புத் திரை

கம்ப்யூட்டர் பத்திரிகையோடு இலவசமாக வந்த சி.டி. ஒன்று இருந்தது. அதைப் போட்டு இன்ஸ்டால் செய்தேன். எல்லாம் ஒழுங்காக ஓடி, 'முடிந்தது, ரீஸ்டார்ட் செய்' என்றது. ரீஸ்டார்ட் செய்தேன். எழுத்து எழுத்தாக வரிகள் ஓடின. டெஸ்க்டாப் வரவேண்டிய நேரத்தில் திரை கறுத்தது. ஒரு முறை கண் சிமிட்டியது. மறுபடி கறுத்தது. கடைசியில் கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தில் ஒரு வரி: 'நோ ஸ்க்ரீன்ஸ் ஃபவுண்ட்'. திரையே கிடைக்கவில்லையாம்! அந்தச் செய்தியைக் காட்டிக்கொண்டிருப்பதே அந்தத் திரைதான். நான் சத்தம் போட்டுச் சிரித்துவிட்டேன். பாய் எட்டிப்பார்த்து, "சிரிக்கிறியா? அப்ப சரியாயிடுச்சா?" என்று கேட்டார்.

விஷயம் இதுதான். லேப்டாப்பில் திரைக்குப் படம் அனுப்புகிற கிராபிக்ஸ் சிப் புதியது. என் சி.டி.யில் இருந்த லினக்ஸ் அதற்கும் முன்னால் வந்தது. அந்தச் சிப்பின் பெயரே அதற்குத் தெரியாது. தெரியாத ஆளோடு எந்தப் பாஷையில் பேசுவது?

சிப்போடு பேசுகிற புரோகிராமுக்கு டிரைவர் என்று பெயர்; இந்த மாதிரி சமயத்துக்கென்று ஒரு பொது டிரைவர் உண்டு. 'வெசா' என்று பெயர். எந்தக் கிராபிக்ஸ் கார்டோடும் நாலு வார்த்தை பேசிச் சமாளித்துவிடும். டிஸ்ப்ளே செட்டிங் எல்லாம் எழுதியிருக்கும் கான்ஃபிகரேஷன் ஃபைலைத் திறந்து, டிரைவர் பெயர் இருக்கிற இடத்தில் வெசா என்று மாற்ற வேண்டும். ஒரே ஒரு சொல்.

அந்த ஒரு சொல்லை அடிப்பதற்குள் பாதி நாள் போனது. காரணம் கீபோர்டு. பிரான்ஸ் கீபோர்டில் நம் கீபோர்டின் 'ஏ' இருக்கும் இடத்தில் 'க்யூ' இருக்கும். 'எம்' வேறெங்கோ ஓடிப்போயிருக்கும். ஆனால் எழுத்து மட்டும் வருகிற கன்சோல் திரையில் லினக்ஸ் அதை நம் ஊர் கீபோர்டாகவே நினைத்துக்கொண்டிருந்தது. கீயில் அச்சடித்திருப்பது ஒன்று, திரையில் விழுவது இன்னொன்று. பாஸ்வேர்டு அடித்தால் தப்பு என்கிறது. என் பாஸ்வேர்டில் மூன்று 'ஏ'.

கடைசியில் எனக்குக் கைகொடுத்தது உப்பளத்து டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட். பள்ளிக்கூடத்து நாட்களில் அம்மா வம்படியாகச் சேர்த்துவிட்டிருந்தார். கீயைப் பார்க்காமல் அடிக்க விரல்களுக்குத் தெரியும். கீபோர்டின் மேல் ஒரு துண்டைப் போட்டு மூடிவிட்டு அடித்தேன். முதல் தடவையே சரியாக விழுந்தது.

டெஸ்க்டாப் வந்தது. நானும் பாயும் ஆளுக்கொரு டீ குடித்தோம்.

வர்ற படத்தைக் கெடுக்காதே

டீ குடித்தபடி பார்க்கும்போதுதான் எனக்கு உறுத்தியது. திரையில் எல்லாமே பக்கவாட்டில் இழுத்த மாதிரி இருந்தது. கடிகாரம் வட்டமாக இல்லை, படுக்கப்போட்ட முட்டை மாதிரி நீண்டிருந்தது. எழுத்துகளும் அகண்டிருந்தன.

கிராபிக்ஸ் சிப்போடு கூடவே வரும் அடிப்படைப் புரோகிராமான பயாஸுக்குள், புள்ளிக் கணக்கில் திரை அளவுகளின் பட்டியல் ஒன்று இருக்கும். 640க்கு 480, 800க்கு 600, 1024க்கு 768. எல்லாம் சதுரத் திரைக்கான அளவுகள். எங்கள் லேப்டாப்பின் திரையோ 1280க்கு 800. அந்த அளவு பட்டியலிலேயே இல்லை. வெசா டிரைவர் பட்டியலில் இருப்பதைத்தான் கேட்டு வாங்கும். அதனால் 1024க்கு 768 படத்தை வாங்கி, அகலத்திரை முழுக்க இழுத்துப் பரப்பிவிட்டது. சின்ன மெத்தைக்கான உறையைப் பெரிய மெத்தைக்கு இழுத்துப் போட்ட மாதிரி.

கடைக்கு எதிரே இருந்த பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து தேடினேன். உலகத்தில் எனக்கு மட்டும் வந்த வியாதி இல்லை அது. லினக்ஸ்காரர்களின் ஃபோரம் ஒன்றில் ஆளாளுக்குப் புலம்பியிருந்தார்கள். நடுவில் யாரோ ஒருவர், இதற்கென்றே எழுதப்பட்ட சின்ன புரோகிராமைப் பற்றிச் சொல்லியிருந்தார். பயாஸ் பட்டியலில் யாருக்கும் வேண்டாத ஒரு வரியை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் 1280க்கு 800 என்று எழுதிவிடுமாம். அதுவும் மெமரியில் மட்டும். லேப்டாப்பை ஆஃப் செய்து ஆன் செய்தால் எல்லாம் பழையபடி ஆகிவிடும். ஆக, பயப்பட எதுவுமில்லை. பென் டிரைவில் இறக்கிக்கொண்டு வந்து, லேப்டாப்பில் கம்பைல் செய்து, ஓட்டுவதற்குத் தயாராகவும் வைத்துவிட்டேன். ஓட்டிப் பார்க்கும் நேரத்தில் பாய் வந்துவிட்டார்.

"என்னா பண்ணப்போற?"

"படம் அகலமா தெரியுது பாய். சரி பண்ணணும்."

"படம் வருதா இல்லியா?"

"வருது. ஆனா..."

"வர்ற படத்த கெடுக்காத வாணி. விடிஞ்சா தேரு."

நான் விடவில்லை. அவருடைய போட்டோ ஒன்றையே திறந்து காட்டினேன். ஒல்லியான மனிதர் அவர். திரையில் கன்னமெல்லாம் உப்பி, மார் அகண்டு, துபாய்க்குப் போய்வந்த மாதிரி இருந்தார். பாய் ரொம்ப நேரம் பார்த்தார்.

"நல்லாத்தான கீறேன்?" என்றார்.

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. மைக் செட் தொழிலில் ஒருமுறை டெஸ்ட் பார்த்து 'ஓகே' என்றால், அதன்பிறகு நிகழ்ச்சி முடியும்வரை யாரும் ஒரு திருகாணியைக்கூடத் தொடமாட்டார்கள். அப்படித் தொட்டு, மந்திரி பேசும்போது மைக் ஊளையிட்ட கதைகளெல்லாம் அவரிடம் நிறைய இருந்தன. சரி என்று மூடிவைத்தேன்.

தேர் நாள்

காலையிலேயே பந்தல் களைகட்டிவிட்டது. முன்பக்கம் உயரமான மேஜைமேல் லேப்டாப், திரை வெளிப்பக்கம் பார்த்தபடி. வெயில் படாமல் இருக்க மூன்று பக்கமும் அட்டை வைத்து மறைத்திருந்தோம். அருகில் பாய், மைக்கோடு. பின்னால் ஒரு துணித்திரை, அதற்குப் பின்னால் பிள்ளைகள். அவர்களைப் பார்த்துக்கொள்ள அந்த ஊர் மகளிர் குழுவிலிருந்து அஞ்சலை அக்கா வந்திருந்தார். அக்கா அதட்டினால் அழுகிற பிள்ளை நிறுத்திவிடும், அழாத பிள்ளை ஆரம்பித்துவிடும்.

பிள்ளைகளை வெளியே யாருக்கும் காட்டக்கூடாது என்பது கமிட்டி போட்ட கட்டுப்பாடு. வருகிறவர்கள் போட்டோவைப் பார்த்து 'இது எங்கள் பிள்ளை' என்று சொல்ல வேண்டும், அடையாளம் சொல்ல வேண்டும், பொருந்தினால்தான் உள்ளே விடுவோம். யார் வேண்டுமானாலும் வந்து ஒரு பிள்ளையைக் கையைப் பிடித்துக் கூட்டிப்போய்விடக்கூடாது இல்லையா? சரியான கட்டுப்பாடுதான். ஆனால் அதனால் அன்றைக்கு எல்லாமே அந்தத் திரையை நம்பியிருந்தது.

ஆரம்பத்தில் ஒரு குறையும் இல்லை. ரெட்டைச்சடைப் பெண் ஒன்றை அதன் அம்மா பார்த்த மாத்திரத்தில் கண்டுபிடித்தாள். இன்னொரு அம்மா திரையைப் பார்த்துவிட்டு, "எங்க பொண்ணுதான். காணாமப்போயி இவ்ளோ நேரத்துல என்னாத்த துன்னா இப்பிடி ஊதிட்டா?" என்றாள். எல்லோரும் சிரித்தோம். நானும்தான்.

வெயில் ஏறியதும் கூட்டம் நெருக்கியது. அஞ்சலை அக்கா ஒரு பையனை இடுப்பில் தூக்கிக்கொண்டு வந்தார். நாலு வயசு இருக்கும். மேலே சட்டை இல்லை, காக்கி டவுசர் மட்டும். வாய் நிறைய எதையோ அடக்கிக்கொண்டிருந்தான்.

"ஒன் பேரு என்னாடா கண்ணு?" என்றேன்.

மென்றான்.

"அப்பா பேரு?"

"அப்பா."

"எந்த ஊரு?"

"வூடு."

அதற்குமேல் ஒன்றும் பெயரவில்லை. வாயில் அடக்கியதோடேயே போட்டோ எடுத்தேன். 'சட்டை இல்லை, காக்கி டவுசர்' என்று அடித்து ஏற்றினேன். பாய் மைக்கில் சொன்னார்.

கொஞ்ச நேரத்தில் ஒருவர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். பாகூர்ப் பக்கத்து விவசாயி. கட்டம் போட்ட சட்டை. முகமெல்லாம் வேர்வை.

"யம்மா, எங்க பையனக் காணோம். மஞ்ச சட்ட போட்டிருந்தான். ஒல்லியா இருப்பான்."

"இதுல பாருங்கண்ணே, ஒவ்வொண்ணா வரும்."

அவர் திரைக்குப் பக்கத்தில் குனிந்து ஒவ்வொரு படமாகப் பார்த்தார். அந்தப் பையன் படம் வந்தது. ஒரு நொடி நின்றார். பிறகு தலையை ஆட்டினார்.

"இல்லம்மா. இது நல்லா கொழுகொழுன்னு கீது. எங்களுது எலும்பும் தோலுமா இருப்பான்." கேட்கலாமா வேண்டாமா என்று தயங்கிவிட்டுக் கேட்டார். "கடலாண்ட... யாராச்சும் எறங்குனாங்கன்னு ஏதும் சேதி வந்துச்சா?"

"அதெல்லாம் ஒண்ணும் வரலண்ணே. பயப்படாதீங்க. இங்கயே நில்லுங்க."

அவர் நிற்கவில்லை. கடல் பக்கமாகப் போய்விட்டார். அவர் நடந்தாரா ஓடினாரா என்று சொல்ல முடியாத ஒரு நடை.

தண்ணீர் குடிக்கத் துணித்திரைக்குப் பின்னால் போனேன். பந்தல் கயிற்றில் ஒரு சின்னச் சட்டை காய்ந்துகொண்டிருந்தது. மஞ்சள் சட்டை.

"அக்கா, இது யாருது?"

"இதோ, இவனுதுதான்" என்றார் அஞ்சலை அக்கா, அந்தப் பையனைக் காட்டி. "சர்பத்த மேல ஊத்திகினு நின்னான். எறும்பு மொய்க்கப்போவுதுன்னு அலசிப் போட்டேன்."

பையனைப் பார்த்தேன். விலா எலும்பை எண்ணிவிடலாம். வாயில் இருந்ததை முழுங்கியிருந்ததால் கன்னம் ஒட்டிப்போயிருந்தது. வெளியே ஓடிவந்து திரையைப் பார்த்தேன். அங்கே வேறொரு பையன். அகண்ட முகம், உப்பிய கன்னம், பயில்வான் தோள். பெற்ற அப்பாவே 'எங்கள் பையன் இல்லை' என்று சொல்லும்படி என் திரை காட்டியிருந்தது.

பாயிடம் சொன்னேன். அவர் முகம் மாறிவிட்டது. உடனே மைக்கைப் பிடித்தார்.

"கட்டம் போட்ட சட்ட போட்டுக்கினு, மஞ்ச சட்ட பையனத் தேடி வந்த அண்ணே! எங்க இருந்தாலும் பந்தலுக்குத் திரும்பி வாங்க! கட்டம் போட்ட சட்ட அண்ணே!"

அதே நேரம் தேர் அசைந்தது. மேளம், அதிர்வேட்டு, ஜனங்களின் கூச்சல் எல்லாம் ஒன்றாகக் கிளம்பின. பக்கத்தில் நின்ற எனக்கே பாய் சொன்னது காதில் விழவில்லை.

"பாய், திரைய சரி பண்ணிடறேன். அவங்க வூட்டு ஆளுங்க வேற யாராச்சும் வந்து பாத்தாக்கூட அடையாளம் தெரியணும்."

"எவ்ளோ நேரம் ஆவும்?"

"சீக்கிரம் ஆயிடும்."

"வராமப் போச்சுன்னா?"

"ஆஃப் பண்ணி ஆன் பண்ணா பழசு வந்துடும். அது நிச்சயம்."

கமிட்டித் தலைவர் போன வருஷம் சொன்னது பாய்க்கு ஞாபகம் வந்திருக்கும். பந்தல் முன்னால் பிள்ளைகளைத் தேடி வந்தவர்கள் வரிசையாக நின்றிருந்தார்கள். பாய் அவர்களைப் பார்த்தார், கடல் பக்கம் பார்த்தார்.

"பண்ணு. கூட்டத்த நான் பாத்துக்கறேன்."

மேஜையின் முன்பக்கம் போய், கண்ட்ரோல், ஆல்ட், பேக்ஸ்பேஸ் மூன்றையும் சேர்த்து அழுத்தினேன். அந்தக் காலத்து லினக்ஸில் அதை அழுத்தினால் டெஸ்க்டாப் மொத்தமாக விழுந்துவிடும். திரை கறுத்தது. என் பின்னாலிருந்து "ஏய், நின்னுபோச்சு!" என்று குரல் கேட்டது.

"கம்ப்யூட்டருக்கு ஒரு வாய் தண்ணி குடுக்கறோம்!" என்று பாய் மைக்கில் ஆரம்பித்தார். "காலைலேர்ந்து பேசிப் பேசி அதுக்குத் தொண்ட வறண்டு போச்சு! யாரும் போயிராதீங்க!"

கன்சோல் வந்தது. கீபோர்டை மூட என்னிடம் துண்டு இல்லை. கண்ணை மூடிக்கொண்டேன். பட்டியலில் எந்த வரியை மாற்ற வேண்டும், எந்த அளவை எழுத வேண்டும் என்று கமாண்டை அடித்தேன். கண்ணைத் திறந்தால் ஒரு எழுத்து தப்பு. அழித்து மறுபடி அடித்தேன். இந்தத் தடவை ஏற்றுக்கொண்டது. கான்ஃபிகரேஷன் ஃபைலிலும் 1280க்கு 800 என்று மாற்றிவிட்டு டெஸ்க்டாப்பைக் கிளப்பினேன்.

கறுப்பு. ஒரு சிமிட்டல். மறுபடி கறுப்பு. என் முதுகில் வேர்வை வழிந்தது தெரிந்தது. "தண்ணி குடிச்சிட்டு ஏப்பம் விடுது!" என்றார் பாய்.

பிறகு டெஸ்க்டாப் வந்தது. எழுத்துகள் ஊசி முனையால் எழுதினாற்போல் கூர்மையாக இருந்தன. ஸ்கிரிப்டை ஓட்டிவிட்டு அந்தப் பையன் படத்தை நிறுத்தினேன். இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை விட்டு, நடுவில் ஒல்லிப் பையன் ஒருவன், ஒரு கன்னத்தில் மட்டும் மிட்டாய் அடக்கிக்கொண்டு முழித்தான்.

"யோவ், பையன் எளச்சிட்டான்யா!" என்று கூட்டத்தில் ஒருவர் கத்தினார். பந்தல் முன்னால் இருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள்.

அந்தச் சிரிப்புக்கு நடுவில் ஒரு பெண்ணின் குரல். "தினேசு! அய்யோ, அது எங்க தினேசு!"

அவன் அம்மா. அவர் ரொம்ப நேரமாக அங்கேயேதான் நின்றிருக்கிறார். கணவர் பார்த்துவிட்டு 'நம்முது இல்ல' என்று சொல்லிப் போனதால், பின்னால் ஓரமாக நின்று அழுதுகொண்டிருந்தார். ஆட்கள் வழிவிட, முன்னால் வந்தார். மஞ்சள் சட்டை, இடது முழங்காலில் தழும்பு என்று நான் கேட்பதற்கு முன்பே சொன்னார். எல்லாம் பொருந்தியது. அஞ்சலை அக்கா பையனைத் தூக்கிவந்து அவர் கையில் கொடுத்தார். அந்த அம்மா முதலில் கட்டிக்கொண்டார், பிறகு முதுகில் ஒன்று வைத்தார், மறுபடி கட்டிக்கொண்டார்.

இப்போது காணாமல் போனவர் அப்பா.

"அவரு கடலாண்ட போனாரு. சொன்னாக் கேக்கல" என்றார் அந்த அம்மா. கணவர் பெயர் ஏழுமலை. கையில் செல்போன் கிடையாது.

பாய் இரண்டு காரியம் செய்தார். தேர்ப் பக்கம் திருப்பியிருந்த ஹார்ன் ஸ்பீக்கர் ஒன்றைக் கழற்றி, கடல் பார்த்துக் கட்டச் சொன்னார். மேளம் ஓய்கிற இடைவெளிக்காகக் காத்திருந்து, மைக்கைத் தினேஷின் வாய்க்கு நேரே பிடித்தார்.

"அப்பாவ கூப்புடு ராஜா."

அதுவரை பேர் கேட்டால்கூட வாயைத் திறக்காதவன், தன் குரல் பெரிதாகக் கேட்டதும் குஷியாகிவிட்டான். "அப்பா! அப்போவ்! வாப்பா! இங்க வாப்பா!" நிறுத்தவே இல்லை. கூட்டத்தில் இருந்த பாதி அப்பாக்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

ஏழுமலை ஓடிவந்தார். இடுப்புவரை நனைந்திருந்தார், காலெல்லாம் மணல். அலைக்குள் இறங்கித் தேடியிருக்கிறார். பந்தலுக்கு வந்தவர் வாசலில் இருந்த திரையைத்தான் முதலில் பார்த்தார்.

"ஆமா, இவன்தான்" என்றார். மூச்சு வாங்கிக்கொண்டு, "இவன்தாம்மா. இப்பதான் எங்க பையன் மாதிரி கீறான்" என்றார். அதன்பிறகுதான் மைக்கைப் பிடித்து நின்ற நிஜப் பையனைப் பார்த்தார். அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டார். பையன் மைக்கை விடாமலேயே அவர் மடியில் போய் உட்கார்ந்ததால், அவர் அழுதது மொத்தத் திருவிழாவுக்கும் கேட்டது.

சாயங்காலம் தேர் நிலைக்கு வரும்போது எங்கள் பந்தலில் ஒரு பிள்ளைகூட மீதமில்லை. கமிட்டித் தலைவர் வந்து லேப்டாப்பைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "அடுத்த வருஷமும் இத்தயே எடுத்தாந்துடுங்க பாய்" என்றார். பாய் என்னைக் கைகாட்டி, "என்னாண்ட சொல்லாதீங்க. எங்க இன்சினியராண்ட சொல்லுங்க" என்றார். நான் டிப்ளமோதான் என்று திருத்தவில்லை.

பிறகு

கடைக்கு வந்து லேப்டாப்பை ஆன் செய்தால், எல்லாம் மறுபடி அகண்டிருந்தது. மெமரியில் மட்டும்தானே எழுதியிருந்தோம்? அந்தக் கமாண்டை லேப்டாப் ஆரம்பிக்கும்போதே தானாக ஓடுகிற மாதிரி, ஸ்டார்ட்டப் ஸ்கிரிப்டில் போட்டேன். அதோடு அந்தப் பிரச்சினை ஒழிந்தது. அதற்குப் பிறகு வந்த லினக்ஸ்களில் அந்தச் சிப்புக்குச் சரியான டிரைவரே வந்துவிட்டது. இன்றைக்கு வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கு இப்படியொரு புரோகிராம் இருந்ததுகூடத் தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் இல்லை.

அந்த வாரமே பிரவுசிங் சென்டருக்குப் போய், எனக்கு உதவிய அதே ஃபோரத்தில் எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் எழுதினேன். லேப்டாப் மாடல் என்ன, எந்த வரியை மாற்றினேன், பிரெஞ்சு கீபோர்டு என்றால் கன்சோலில் எப்படி அடிக்க வேண்டும், தேர் நாளில் எவ்வளவு அவசரமாக இதைச் செய்தேன் என்று எல்லாம். சில நாள் கழித்து பிரேசிலிலிருந்து ஒருவர் பதில் போட்டிருந்தார். அவரிடமும் அதே மாடலாம், சரியாகிவிட்டதாம், நன்றி என்று எழுதியிருந்தார். கூடவே ஒரு கேள்வி: கொஞ்சம் அகலமாகத் தெரிந்தால் என்ன, இதற்கு ஏன் இவ்வளவு அவசரப்பட்டீர்கள்? தேர் என்றால் என்ன என்று அவருக்கு விளக்கவே எனக்கு ஒரு மணி நேர பிரவுசிங் காசு செலவானது. பையன் மைக்கில் கூப்பிட்ட இடத்தைப் படித்துவிட்டுத் தன் மனைவிக்கும் மொழிபெயர்த்துச் சொன்னதாக எழுதினார்.

இந்த டெக்னீஷியன் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு நான் சொல்ல வேண்டியது ஒன்றுதான். டிரைவர் போட்டு, டெஸ்க்டாப் வந்ததும், வேலை முடிந்தது என்று எழுந்துவிடாதீர்கள். 'படம் வருதா' என்பது நம் கேள்வி. வாடிக்கையாளரின் கேள்வி அதுவல்ல. ஜவுளிக்கடைக்காரருக்குப் புடவையின் நிறம் வேண்டும். டாக்டருக்கு எக்ஸ்ரேயில் இருக்கும் மயிரிழைக் கோடு வேண்டும். பிளான் போடுகிறவருக்குச் சதுரம் சதுரமாக இருக்க வேண்டும். எதைப் பார்க்க அந்தத் திரையை வாங்கினார்களோ, அதைத் திறந்து வையுங்கள். பார்க்க வேண்டியவரைக் கூப்பிட்டு முன்னால் உட்கார வையுங்கள். அவர் பார்த்துவிட்டு "ஆமா, இதுதான்" என்று சொல்லட்டும். அதன்பிறகு உங்கள் பையை எடுத்துக்கொண்டு கிளம்புங்கள்.